காத்தவராயன் இருக்கிறானே!

கேள்வி: பழங்கால பிரிட்டன் மக்களிடையே தடைபட்ட காதலும் மந்திரமும் கலந்த ஆங்கில நாவல்களை மகள் விழுந்து விழுந்து படிக்கிறாள். தமிழில் அப்படி ஏதும் உண்டா?
– வாசகி, செட்டியார்பட்டி

பதில்: சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் காதல் உண்டு, கடல் உண்டு, மந்திரம்தான் போதாது. நான் கைகாட்டுவது காத்தவராயன் கதைப்பாடலை. நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார்.

அந்தணர் வீட்டு ஆரியமாலை மேல் காத்தவராயனுக்கு ஆசை. வளையல் செட்டியாக வேடம் கட்டிப்போய் அவள் கையைப் பிடிப்பான். கூட்டாளி தொட்டியத்துச் சின்னன் மந்திரக்காரன். முடிவு கழுமரம். யாழ்ப்பாணத்து மாரியம்மன் கோயில்களில் இதைக் கூத்தாக ஆடுவார்கள்.

மகள் படிக்கும் ஆங்கில நாவல்களின் சங்கதி வேறு. பழங்கால பிரிட்டன் பூசாரிகளான ட்ரூயிட்கள் தங்கள் வித்தையை எழுதிவைக்கவில்லை. நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ரோமானியர், அதாவது எதிராளி, சொன்னது. அதனால் நாவலாசிரியர் இஷ்டத்துக்குக் கற்பனை செய்யலாம். நம்மிடம் பாடலே இருக்கிறது. அதை வைத்து நல்ல மாயநாவல் எழுதத்தான் ஆள் வேண்டும். உங்கள் மகளே எழுதட்டுமே! சிவாஜி, சாவித்திரி நடித்த 1958 ‘காத்தவராயன்’ படத்தை மட்டும் பாடலைப் படித்தபிறகு பார்க்கச் சொல்லுங்கள்.