தச்சனாயிருந்த டாக்டர்



இம்மாத தியானத்திற்கான வேதபகுதிகள்: யாத்திராகமம் 3:1, அப்போஸ்தலர் 18:1-4.

ஆபரேஷன் தியேட்டருக்குக் காணிக்கை கேட்டால் சந்தோஷமாய்க் கொடுக்கலாம், செருப்புப் பட்டறைக்கு ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடும்போது, வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது.

அவர் 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலையில் காய்ச்சல் கண்டு மரித்தார். டாக்டருக்குப் படிக்க வைக்க உறவினர் முன்வந்தும் மகன் மறுத்துவிட்டார். இரத்தமும் சீழும் அவருக்கு அருவருப்பு. தகப்பனைப்போல மலையில் வீடுகள் கட்டும் மிஷனரியாக வேண்டும் என்று விரும்பி, லண்டனில் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். அதன்பின், மிஷனரிகளுக்கான குறுகிய மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில், சாகக் கிடந்த ஒரு பெண் இரத்தம் ஏற்றப்பட்டு உயிர் மீண்டதைக் கண்டார். அது அவர் மனதை மாற்றியது. மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயில், தோலுக்குச் சமீபமாய் ஓடுகிற நரம்புகள் கெட்டுப்போவதால் விரல்கள் மடங்கிவிடுகின்றன. ஆனால் முன்கையின் தசைகள் பல பலமாகவே இருக்கும். அந்தத் தசையின் நாண் ஒன்றை இடம் மாற்றி விரல்களில் இணைத்தால், மடங்கிய விரல் மறுபடியும் திறக்கும். இந்த ஆபரேஷனால்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். ஆனால் நம் சகோதரருக்கான பதில் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

கை சரியாகி வீட்டுக்குப் போனவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை, தங்க இடமும் கொடுக்கவில்லை. கை நேராகிவிட்டதால் முன்போலப் பிச்சையும் விழவில்லை! ஆகவே மருத்துவக் கல்லூரி வளாகத்தில், எளிய குடிசைகளாக, நவ ஜீவ நிலையம் எழும்பியது. வயதான ஒரு மிஷனரி அம்மையாரின் காணிக்கை அதற்கு உதவியது. அங்கே தச்சுப் பட்டறை ஒன்று போடப்பட்டது. உளியும் இழைப்புளியும் பிடிக்க நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க டாக்டருக்கே தெரிந்திருந்தது. மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள்.

அந்தப் பட்டறையில்தான் பெரிய உண்மை ஒன்று தெளிவாயிற்று. தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரத்தைத் தொட்டதால் ஒன்று, கரடுமுரடான கைப்பிடியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடித்ததால் ஒன்று, தூங்கும்போது எலி கடித்ததால் ஒன்று என்று காரணங்கள் வெளிவந்தன. வலி தெரியாததே சேதத்திற்கு மூலம். ஒரு சுத்தியலை எவ்வளவு இறுக்கமாய்ப் பிடிக்க வேண்டும் என்பதைத் தன் உள்ளங்கையாலேயே அறிந்தவருக்கு, வலியில்லாத கை அதைத் தவறாய்ப் பிடிப்பது சட்டென்று கண்ணில் பட்டிருக்கும். தச்சனாய் உழைத்திராத சர்ஜனுக்கு அது பட்டிருக்குமா என்பது என் சந்தேகம்.

வேதத்திலும் இதைக் காண்கிறோம். மோசே மீதியானில் மாமன் எத்திரோவின் ஆடுகளை மேய்த்தான். நாற்பது வருஷம்! அரண்மனையில் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய தாழ்வு. ஆனால் ஆடுகளோடு போன அதே ஓரேப் மலைக்குத்தான் பின்பு ஜனங்களையும் நடத்திக்கொண்டு போனான். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்தார். செமினரியில் எங்களுக்குக் கிரேக்கம் நடத்திய ஆசிரியர், ஸ்கேனோபொயோஸ் என்ற அந்தச் சொல் தோல்வேலைக்காரனையும் குறிக்கலாம் என்பார். ஆட்டுமயிர்த் துணியோ தோலோ, பவுல் தமது கை வேலையால் சபைக்குப் பாரமாயிராமல் பிரசங்கித்தார் என்பது நிச்சயம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். "கடந்ததெல்லாம் நன்மைக்கே" என்று நோயாளியின் கட்டிலருகே அவசரமாய்ச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த கொத்தனார் ஒருவர், முப்பது வருஷம் கரண்டி பிடித்து என்ன பிரயோஜனம் ஐயா என்று என்னைக் கேட்டார். அவரிடம் மோசேயைப் பற்றி நான் பேசவில்லை. சுவர் எழுப்புவது எப்படி என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பற்றி அவர் சொன்னதை வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. கொத்தடிமையாய் உழைத்துத் தேய்ந்தவர்களும் நம்மிடம் வருகிறார்கள். அந்த ஆண்டுகளைத் தேவன் அனுப்பிய பயிற்சி என்று சொன்னால் அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்திற்குத் துணைபோவதாகும்.

சரி, செருப்புப் பட்டறைக்கு வருவோம். 1982 முதல் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் குணமாகிறது. ஆனால் மரத்துப்போன பாதத்திற்கு உணர்வு திரும்புவது அரிது. எம்.சி.ஆர். என்னும் மிருதுவான ரப்பர் செருப்பு, பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் பரப்பிவிடுகிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும் அது காப்பு. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போன பின்பு, தொழுநோயாளிகளிடம் கற்ற பாதப் பராமரிப்பை நீரிழிவு நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். நம் பட்டறையில் இப்போது அளவு கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகளே. தியேட்டரில் ஒரு காலை எடுப்பதற்கு ஆகும் செலவோடு ஒரு ஜோடி செருப்பின் செலவை அந்தச் சகோதரர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு விண்ணப்பம். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற தையற்காரர், தச்சர், சைக்கிள் ரிப்பேர் செய்பவர், கணக்கெழுதியவர் இருந்தால் எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். பட்டறையில் தோல் வெட்ட ஒருவரும், சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்க ஒருவரும் உடனே தேவை. கொத்தனார் அடுத்த மாதம் வீடு திரும்புகிறார். அவர் வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வேண்டும். அளவுகளை அவரே குறித்துக் கொடுத்துவிட்டார். அதைக் கட்ட இரண்டு கைகள் வேண்டும்.