பூசணி ஈயின் ஆண்: வயதும் மணச்சுரப்பும்

பாகல், புடோல், பீர்க்கு, கெக்கரி, பூசணி ஆகிய கொடிப்பயிர்களைச் செய்கைபண்ணுவோருக்குப் பெருநட்டம் விளைவிக்கும் பூச்சி பூசணி ஈயாகும். கவர்ச்சிப் பொறியில் ஈக்கள் நிறைந்திருக்கவும் கொடியிலுள்ள காய்கள் தொடர்ந்து அழுகுவதைக் கண்டு கமக்காரர் பலர் மனந்தளர்வதுண்டு. ஆண் ஈயின் வயதுக்கும் அதன் மணச்சுரப்பிக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

ஈயின் வாழ்க்கை

பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றது. வெப்பமான இடங்களில் 1 அல்லது 2 நாட்களில் முட்டை பொரித்துப் புழு வெளிவரும். புழு ஏறத்தாழ ஒரு கிழமை காயின் சதையைத் தின்று வளர்ந்து, பின் மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஏறத்தாழ 10 நாட்களின் பின் மண்ணிலிருந்து ஈ வெளிப்படும்.

ஆணின் மணச்சுரப்பி

ஆண் ஈயின் குடலின் கடைப்பகுதியை அடுத்து ஒரு சிறு சுரப்பி உண்டு. பெண்ணை அழைக்கும் மணப்பொருள் இதிலேயே சேர்கின்றது. இத்தகைய பொருளைப் பெரமோன் என்பர். புதிதாக வெளிப்பட்ட ஆணிடம் இச்சுரப்பு மிகக் குறைவு. ஈ உணவுண்டு முதிர முதிரச் சுரப்பும் பெருகும். ஏறத்தாழ 10 நாட்களின் பின்னரே பெரும்பாலான ஆண்கள் பருவமடைகின்றன. பருவமடைந்த ஆண், மாலை மங்கும் வேளையில் இலைகளில் அமர்ந்து, சிறகுகளை அதிர்த்து, மணத்தை நுண்ணிய புகைபோல வெளிவிடும்.

பொறியும் வயதும்

பொறியில் இடப்படும் கியூலுவர் என்னும் பொருளை ஆண் ஈ விரும்பி உண்டு, அதிலிருந்து பெறும் மணப்பொருளை அதே சுரப்பியிற் சேர்த்து வைக்கும். அவ்வாறு உண்ட ஆண், சிறிது காலத்துக்குப் பெண்ணைக் கவர்வதில் ஏனைய ஆண்களிலும் வல்லதாகும். ஆதலின் பருவமடைந்த ஆணே இதனைப் பெரிதும் நாடும். இள ஆண் பெரும்பாலும் நாடாது. காயைத் துளைக்கும் பெண்ணோ இப்பொறிக்கு வருவதில்லை.

இதனால் இரு குறைகள் நேர்கின்றன. பொறியில் விழும் ஆண்களுட் சில அதற்கு முன்னரே பெண்களுடன் கூடியிருக்கும். எஞ்சிய ஆண் ஒன்றே பல பெண்களுடன் கூட வல்லது. கூடிய பெண் தான் பெற்ற விந்தைச் சேமித்துப் பல நாட்கள் முட்டையிடும்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள றோற்றாத் தீவில் 1960களின் முற்பகுதியிற் கீழைத்தேயப் பழ ஈயை, மீதைல் இயூஜினோலும் நஞ்சுங் கொண்டு ஆண்களை அழித்தே ஒழித்தனர். ஆனால் அத்தீவிற் பூசணி ஈயை ஒழிப்பதற்கு மலடாக்கிய ஈக்களை விடவேண்டியதாயிற்று. யப்பானின் ஒக்கினாவாத் தீவுகளிலும் 1993 ஆம் ஆண்டில் மலட்டு ஈ முறையாலேயே அது முற்றாக ஒழிக்கப்பட்டது. கியூலுவர்ப் பொறி பயனுள்ளதே. எனினும் தனித்து நின்று பயிரைக் காக்கமாட்டாது.

செய்யவேண்டியவை

1. கொடி பூக்கும் முன்னரே பொறிகளைத் தொங்கவிடுக. காய் அழுகத் தொடங்கியபின் வைக்கும் பொறி காலங்கடந்ததாகும்.

2. பொறியில் விழும் ஈக்களைக் கிழமைதோறும் எண்ணிக் குறித்து வருக. தொகை ஏறுமாயின் ஏனைய பாதுகாப்புக்களைத் தாமதமின்றி மேற்கொள்க.

3. பெண் ஈ முட்டை முதிர்வதற்குப் புரத உணவைத் தேடும். ஈக்கள் தங்கும் சோளம் முதலிய வேலியோரப் பயிர்களிற் புரத இரையை இடுதல் அப்பெண்ணையும் அழிக்கும். நஞ்சு கலந்த இரையைச் சிறுவருக்கும் கால்நடைகளுக்கும் எட்டாது வைத்தல் வேண்டும்.

4. பிஞ்சு பிடித்தவுடன் அதனைக் கடதாசி உறையால் மூடுக. உறையினுள் நீர் தேங்கலாகாது.

5. குத்துண்ட காய்களையும் விழுந்த காய்களையும் அன்றன்றே பொறுக்கி, ஏறத்தாழ 60 சதமமீற்றர் ஆழத்திற் புதைக்க, அல்லது பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைக்க. அவற்றைக் குப்பைக் குழியில் எறிதல் ஈயை வளர்ப்பதற்கே ஒப்பாகும்.

ஒருவர் தோட்டத்தைத் துப்புரவாக வைத்திருந்தும் அயல் தோட்டத்தில் அழுகிய காய்கள் கிடக்குமாயின் பயன் குறைவு. ஆதலின் அயலிலுள்ள செய்கையாளர் யாவரும் ஒரே காலத்தில் இம்முறைகளைக் கைக்கொள்ளல் நன்று.