ஃபிளைவீலுக்கு இரும்பு தேடி: அமெரிக்கா செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் குடியேறியிருக்க, ஆறு மாத காலம் அவர்களோடு தங்கிவரப் புறப்படும் பெரியவர்களில், பெரம்பூரிலோ பொன்மலையிலோ பீளமேட்டுப் பட்டறைகளிலோ லேத் முன்னால் நின்று ஆயுளைச் செலவிட்டவர்கள் பலர் உண்டு. நயாகராவைப் பார்த்து முடித்த பின் கை சும்மா இருக்க மறுக்கும் அத்தகைய அன்பர்களுக்கு, அதிலும் வீட்டில் சின்னஞ்சிறு நீராவி யந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கி ஃபிளைவீல் வரை வந்து நின்றுவிட்டவர்களுக்கு, இதை எழுதுகிறேன். கோவையில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒற்றைச் சக்கரத்துக்காக அச்சு செய்து ஊற்றித் தருபவர் அரிது. அமெரிக்காவிலோ ஒரே ஒரு துண்டைக் கேட்டாலும் அறுத்துத் தருகிறார்கள்.

எதை வாங்குவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரு கோடிகளைத் தொட்டு நிற்கும் க்ஷணங்களில் யந்திரத்தை இழுத்துக்கொண்டு போவது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தியே. அது சக்கரத்தின் எடையைப் பொறுத்தது, அதைவிட அதிகமாக அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விளிம்பு கனத்தும் நடு இளைத்தும் அமைவது இதனால்தான். 4 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள வட்டு வார்ப்பிரும்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிற்கும். அலுமினியத்தில் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். பித்தளை இரும்பினும் கனம், பார்வைக்கும் அழகு, விலைதான் கையைக் கடிக்கும். வார்ப்பிரும்பே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். கடையும்போது அது சுருள் விடாமல் கரும்பொடியாக உதிரும். அதிலுள்ள கிராஃபைட் பென்சில் கரியைப் போல் விரல் ரேகைகளில் ஏறிக்கொள்ளும். தொடர் வார்ப்பு முறையில் வரும் ட்யூரா-பார் என்ற ரவுண்டு கிடைத்தால் விடாதீர்கள். மணலில் ஊற்றியதில் எதிர்ப்படும் காற்றுக்குழிகளின் தொல்லை அதில் மிகக் குறைவு.

நியூ ஜெர்சியில், எடிசன் நகரைச் சுற்றித் தங்குகிறவர்களுக்கு மக்மாஸ்டர்-கார் நிறுவனத்தின் ராபின்ஸ்வில் கிடங்கு தூரமில்லை. விலை கூடுதல், ஆனால் கேட்ட அளவு கேட்டபடி வரும். அதற்கு முன் ஒருநாள் பாட்டர்சனுக்குப் போய்வாருங்கள். 1837-ல் 'சாண்டஸ்கி' என்ற தன் முதல் ரயில் யந்திரத்தைச் செய்த ராஜர்ஸ் ஆலையின் கட்டடத்தில்தான் இன்று பாட்டர்சன் மியூசியம் இருக்கிறது. பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில் உழைத்த யந்திரம் ஒன்று வாசலில் நிற்கிறது. ஆனால் ரயில் யந்திரத்துக்கு ஃபிளைவீல் கிடையாது, வண்டியின் பாரமே அந்த வேலையைச் செய்துவிடும். பிரும்மாண்டமான சக்கரங்கள் சுழல்வதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் பக்கத்து மாகாணமான பென்சில்வேனியாவில் கின்சர்ஸ் என்னும் ஊரில் 'ரஃப் அண்ட் டம்பிள்' சங்கத்தார் ஆகஸ்டில் நடத்தும் திருவிழாவுக்குப் போகலாம்.

பழம்பொருளிலும் நல்ல இரும்பு உண்டு. நம் ஊர்த் தையற்காரர் மிதித்த சிங்கர் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள்: மிதி நின்ற பிறகும் கீழேயுள்ள பெரிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றி ஓய்கிறதே, அது அசல் ஃபிளைவீல். அந்தக் கம்பெனியின் பேராலை நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் 1873 முதல் 1982 வரை நடந்தது. கராஜ் சேல்களில் அத்தகைய மெஷினின் கால்பகுதி மட்டும் தனித்துக் கிடந்தால் வாங்குங்கள். ஓடுகிற மெஷினைப் பிரிக்க வேண்டாம். உடற்பயிற்சிக்கான எடைத்தட்டுகளும் அங்கே மலிவு. ஆனால் சிலவற்றில் கண்ணாடிபோல் இறுகிய இடங்கள் இருக்கும், டூல் பட்டதும் கிறீச்சிடும். செந்தணலில் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டால் பெரும்பாலும் வசத்துக்கு வரும்.

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருப்பவர்கள் உலோகக் கடைகளில் துண்டுகளைப் புரட்டிப் பார்க்கலாம். மூடிய காலணி அணிந்து, கையில் வெர்னியரோடு போங்கள். இன்று கம்ப்யூட்டர் ஊராக நாம் அறியும் சன்னிவேலில்தான் ஜோஷுவா ஹெண்டி ஆலை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது லிபர்ட்டி கப்பல்களுக்காக 2,500 குதிரைத்திறன் நீராவி யந்திரங்களை நூற்றுக்கணக்கில் செய்து அனுப்பியது. பெர்க்லி மலைமேல், டில்டன் பார்க்கில், 1936-ல் தொடங்கப்பட்ட கோல்டன் கேட் லைவ் ஸ்டீமர்ஸ் சங்கத்தாரை ஞாயிறன்று சந்தியுங்கள். இரும்பு எங்கே மலிவு என்பதை எந்தக் கடைக்காரரையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். டெக்சாஸில் ஹூஸ்டன்வாசிகளுக்கு ஹாக்லியின் ஜூப் பார்க்கில் இதுபோன்ற சங்கம் உண்டு. அறுத்து வாங்க மெட்டல் சூப்பர்மார்க்கெட்ஸ் கிளைகள் உள்ளன.

ஆரக்கால் வைத்த சக்கரமே வேண்டுமென்றால் நியூயார்க் மாகாணத்து வெல்ஸ்வில்லிலுள்ள பி.எம். ரிசர்ச் வார்ப்படமாகவே தபாலில் அனுப்புகிறது. அதைக் கடையும்போது முதல் வெட்டு ஆழமாகப் போகட்டும். மணல் படிந்த மேல்தோலைச் சுரண்டிக்கொண்டே போனால் டூல் மழுங்கிவிடும்.

ரவுண்டு வாங்குவோர் கால் அங்குலம் கூடுதல் விட்டமாகக் கேளுங்கள். எண்ணெய் பூசிச் செய்தித்தாளில் சுற்றி, கைப்பையில் அல்லாமல் பெட்டியில், சோதனை அதிகாரிகள் திறந்தால் உடனே தெரியும்படி மேலாக வையுங்கள். ஊர் திரும்பும் நாளில் பாதாம் பொட்டலங்கள் பெட்டியை நிரப்புமுன், இரும்புக்கான அந்த ஒன்றரைக் கிலோவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.