மாதவிடாய் நின்ற பின் சைவம்: எலும்புக் கணக்கு

மாதவிடாய் நிற்கும் வயதில் ‘இனி கவிச்சி வேண்டாம்’ என்று சைவத்துக்கு மாறும் பெண்கள் நிறைய. நானும் மாறினேன். தப்பே இல்லை. ஆனால் முள்ளோடு தின்ற நெத்திலியை விட்டால், அது தந்த சுண்ணாம்புச்சத்தும் போகும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைவதும் இதே சமயத்தில்தான். வங்கி பாஷையில் சொன்னால், பற்று கூடும் காலத்தில் வரவு குறையக் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, முருங்கைக்கீரையில் 300க்கு மேல் இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மதியம் முருங்கை அல்லது அகத்திக்கீரை, சாயங்காலம் எள்ளுருண்டை என்று வைத்துக்கொள்ளுங்க. பாலக்கீரையை இந்த வரவில் சேர்க்காதீங்க. அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது.

புரதத்துக்கு உளுந்தங்களி, முளைகட்டிய கொள்ளு, பச்சைப்பயறு. வெறும் ரசஞ்சோறு போதாது.

நம் தோட்டத்தில் விளையாத சத்து ஒன்று உண்டு, பி12. பால், தயிரில் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கை கால் மரத்துப்போனால் ரத்தப் பரிசோதனை செய்துடுங்க.

கேழ்வரகு, எள், வரப்பு உளுந்து எதுவானாலும், சந்தைக்கு அனுப்பும் முன் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்க.