பைனாகுலர் வாங்குமுன் எண்ணைப் பாருங்கள்



வேடந்தாங்கலில் மாலையில் கூடு திரும்பும் பறவைகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, பெரிய எண்ணில் மயங்கி 20 × 50 பைனாகுலர் வாங்கினோம். ஒரு பறவையைக்கூடத் தெளிவாகக் காட்ட முடியவில்லை.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரியும். 20 × 50-இல் 2.5 மி.மீ.தான், அந்தி மங்கலுக்குப் போதாது. கை நடுக்கமும் 20 மடங்காகும், முக்காலி வேண்டும்.

8 × 42-இல் 5.25 மி.மீ. கையில் பிடித்தே பார்க்கலாம். அறுபதைக் கடந்த கண்மணி இருட்டிலும் ஏறக்குறைய 5 மி.மீ.தான் விரியும் என்பதால், நம் வயதுக்கு இதுவே போதும்.

மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்தே சரக்கெடுப்பவர்கள் நாம். பைனாகுலரையும் பொழுது சாயும் நேரத்தில், கடைவாசலில் நின்று பார்த்தபின் பில் போடச் சொல்லுங்கள்.