திட்டமிடல் மென்பொருள் வாங்கப்போகும் இளையவர்களுக்கு

சோப்பு, ஷாம்பு, மசாலா விற்கும் நிறுவனங்களின் திட்டமிடல் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தொழிற்சாலை எந்த வாரம் எதைச் செய்ய வேண்டும், எந்த டிப்போவுக்கு எத்தனை பெட்டி போக வேண்டும் என்று கணக்குப் போடுவதே என் வேலையாக இருந்தது. அந்தக் கணக்கைப் போட இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பெரிய நிறுவனங்கள் இளைஞர்களைப் போடுகின்றன. அப்படிக் குழுவில் இருக்கும் சிலர் வீடு தேடி வந்து ஆலோசனை கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை எழுதித் தருகிறேன்.

1. டெமோ பார்க்கப் போகுமுன் உங்கள் வலி என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். “சப்ளை செயினை நவீனமாக்க வேண்டும்” என்று எழுதினால் அதற்கு எந்த மென்பொருளும் பொருந்தும். “தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் கோவை டிப்போவில் ஓடுகிற சரக்கு இல்லை, ஓடாத சரக்கு கூரை வரை நிற்கிறது” என்று எழுதுங்கள். தேவையைக் கணித்ததில் தவறா? கணிப்பு சரியாக இருந்தும் தொழிற்சாலையால் செய்துதர முடியவில்லையா? செய்த சரக்கை எங்கே அனுப்புவது என்பதில் தவறா? மென்பொருளில் இவை மூன்றும் தனித்தனிப் பகுதிகள். விலையும் பெரும்பாலும் தனித்தனி. வலி தெரியாமல் போனால் மூன்றையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

2. எந்திரம் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறது என்று கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு நுகர்பொருள் வியாபாரத்தில் நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்கு விற்பது பிரைமரி, ஸ்டாக்கிஸ்ட் கடைக்கு விற்பது செகண்டரி. மளிகைக் கடையிலிருந்து வீட்டுக்குப் போவதைப் பெரும்பாலும் யாரும் பதிவதில்லை. மாத இலக்கை எட்டுவதற்காகக் கடைசி மூன்று நாளில் ஸ்டாக்கிஸ்ட் குடோனில் சரக்கை இறக்குவது ஊரறிந்த பழக்கம். பிரைமரி கணக்கை மட்டும் எந்திரத்துக்குக் கொடுத்தால், மக்கள் மாதக் கடைசியில்தான் சோப்பு வாங்குகிறார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். நம் விற்பனைப் பிரிவின் பதற்றத்தை ஊராரின் தேவையாக எடுத்துக்கொள்ளும்.

நான் இருந்த ஓர் இடத்தில் இதுவே நடந்தது. பிரைமரி விற்பனையை எந்திரம் அபாரமாகக் கணித்தது. அறிக்கையைப் பார்த்து மேலிடம் மகிழ்ந்தது. தொழிற்சாலை ஒவ்வொரு மாதமும் நான்காவது வாரம் ஓவர்டைம் ஓடியது, முதல் வாரம் சும்மா இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகள் ஸ்டாக்கிஸ்டுகளிடமிருந்து லாரி லாரியாகத் திரும்பி வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். கடையில் உண்டாகும் சின்ன அசைவு மேலே போகப் போகப் பேரலையாகும் என்பதை ஜே ஃபாரெஸ்டர் 1961-லேயே தம் நூலில் விளக்கிவிட்டார். குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பர் பயன்படுத்துகின்றன, ஆனால் ஆர்டர்கள் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்குகின்றன என்று பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கண்ட கதையும் இத்துறையில் எல்லாரும் படிப்பதுதான். படித்திருந்தும் நாங்கள் கோட்டை விட்டோம்.

ஆகவே செகண்டரி விற்பனையும் ஸ்டாக்கிஸ்டிடம் உள்ள இருப்பும் கணினிக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மென்பொருளுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள். இன்னொன்று: சரக்கு தீர்ந்துபோன வாரத்தில் விற்பனை பூச்சியம் என்று பதிவாகும். அன்று தேவை பூச்சியமாக இருக்கவில்லை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது, 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்பு மீதான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. இந்தத் தேதிகளைச் சுற்றியுள்ள வாரங்கள் மற்ற வாரங்களைப் போன்றவை அல்ல. உங்கள் பழைய கணக்கில் இவற்றைக் குறித்துவையுங்கள்.

3. பண்டிகைகளை அதற்குத் தெரியுமா என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் நகராது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. “சென்ற ஆண்டு இதே வாரம்” என்று ஒப்பிடும் எந்திரம், தீபாவளி இப்படி முன்னால் நகர்ந்த ஆண்டில் சரக்கைப் பண்டிகைக்குப் பிறகு கொண்டுவந்து இறக்கும். ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. நாட்காட்டியை நாமே ஏற்ற முடியுமா, மாநிலத்துக்கு ஒன்றாக வைக்க முடியுமா என்று டெமோவிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

4. தேர்வு வையுங்கள், ஆனால் கேள்வித்தாளை முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். நான்கு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் மூன்றரை ஆண்டை மட்டும் கொடுங்கள். கடைசி ஆறு மாதத்தைக் கணிக்கச் சொல்லி, உண்மையில் நடந்ததோடு நீங்களே ஒப்பிடுங்கள். போட்டியிடும் நிறுவனங்களோடு இன்னொரு போட்டியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அண்மை வாரங்களுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கும் எளிய முறை. 1950-களில் பிறந்தது, எக்செல்லில் ஒரு நாளில் போட்டுவிடலாம்.

கிழவன் பழைய முறையை விட மாட்டேன் என்கிறான் என்று நினைக்க வேண்டாம். ஸ்பைரோஸ் மக்ரிடாக்கிஸ் 2020-இல் நடத்திய எம்5 கணிப்புப் போட்டியில் வால்மார்ட்டின் விற்பனைக் கணக்கிலிருந்து 42,840 தொடர்களைக் கணிக்கச் சொன்னார்கள். 5,507 அணிகள் கலந்துகொண்டன. முதலிடம் பிடித்தது எந்திரக் கற்றல்தான், அதுவும் பழைய முறையை நல்ல இடைவெளியில் முந்தியது. ஆனால் ஒப்பிட வைத்திருந்த பழைய முறைகளில் மிகச் சிறந்ததைத் தாண்டிய அணிகள் 7.5 விழுக்காடுதான். கெட்டிக்காரக் கையில் புதிய கருவி ஜெயிக்கும். கருவியின் பெயர் மட்டும் ஜெயிக்காது. உங்களிடம் வந்திருப்பவர்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் சரக்கை வைத்துத்தான் அறிய முடியும்.

5. “எங்கள் துல்லியம் 90 விழுக்காடு” என்றால், எத்தனை நாள் முன்னதாகச் சொன்ன கணிப்பு என்று கேளுங்கள். சோப்புக்கு வேண்டிய பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இரண்டு மாதம் முன்னதாக ஆர்டர் போடுகிறவருக்கு அடுத்த வாரத்தைப் பற்றிய அழகான கணிப்பால் பயன் இல்லை. மொத்தச் சராசரியிலும் மயங்காதீர்கள். பத்துப் பெட்டி போகிற சரக்கில் இருபது என்று சொன்னால் பிழை நூறு விழுக்காடு, நட்டம் பத்துப் பெட்டி. பத்தாயிரம் பெட்டி போகிற சரக்கில் பிழை பத்து விழுக்காடுதான், ஆனால் தவறியது ஆயிரம் பெட்டி. ரூபாயில் அளந்து காட்டச் சொல்லுங்கள். எப்போதும் கூட்டியே சொல்கிறதா, எப்போதும் குறைத்தே சொல்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள். ஒரே பக்கம் சாயும் பிழைதான் குடோனை நிரப்பும்.

6. எங்கே கற்றல், எங்கே கணிதம், எங்கே பேச்சு என்று பிரித்துக் கேளுங்கள். தேவையைக் கணிப்பதில் எந்திரக் கற்றல் இருக்கலாம். எந்த ஆலையில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் தந்த சிம்ப்ளெக்ஸ் முறையின் வழிவந்த கணிதம். அது நல்ல கணிதம், அதற்குக் காசு கொடுக்கலாம். கேட்டால் பதில் பேசும் உதவியாளர் மூன்றாவது பொருள். அழகாகப் பேசுகிறது என்பதற்காகக் கணிப்பும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

7. மென்பொருளை உங்கள் பழக்கத்துக்கு எவ்வளவு வளைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நைக்கி நிறுவனம் 2000-இல் ஐ2 நிறுவனத்தின் தேவைத் திட்டமிடல் மென்பொருளை நிறையத் திருத்தி ஓடவிட்டது. சில ஷூக்கள் மலைபோல் குவிந்தன, கேட்கப்பட்ட ஷூக்கள் இல்லாமல் போயின. பத்துக் கோடி டாலர் அளவுக்கு விற்பனை போனது என்று 2001 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி ஏழு ஆண்டு உழைத்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018-இல் கைவிட்டது. இருப்பை அவர்கள் கொள்முதல் விலையில் மதிப்பிட்டார்கள், மென்பொருள் இயல்பாக வேறு விலையில் மதிப்பிடும். பழக்கத்தை மாற்ற மனம் இல்லாமல் மென்பொருளை மாற்றிக்கொண்டே போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உங்களுக்குக் காசு சம்பாதித்துத் தரும் தனி வழக்கம் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். வெறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

8. மனிதன் கை வைத்ததையும் மென்பொருள் பதிந்துவைக்க வேண்டும். கணினி சொன்னதைத் திருத்தாமல் இருக்க நம்மால் முடியாது. ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் முதலியோர் நான்கு பிரிட்டன் நிறுவனங்களின் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். பெரிய அளவில் குறைத்த திருத்தங்கள் பெரும்பாலும் நன்மை செய்தன. சின்னச் சின்னத் திருத்தங்களால் பயன் இல்லை, சில சமயம் கெடுதல். கூட்டிய திருத்தங்களில் ஆசை கலந்திருந்தது. யார், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு மாற்றினார், அதனால் கணிப்பு தேறியதா என்று ஆறு மாதம் கழித்துக் காட்டாத மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

9. ஒப்பந்தத்தில் வெளியேறும் வழியை எழுதுங்கள். ஐந்து ஆண்டில் விலகினால் உங்கள் கணக்கு எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பி வரும்? டெமோவுக்கு வந்தவர் நிறுவும்போதும் வருவாரா? கம்பெனி கைமாறினால் என்ன ஆகும்? மேலே சொன்ன ஐ2-வை 2010-இல் ஜே.டி.ஏ. வாங்கியது, அது ப்ளூ யாண்டர் என்று பெயர் மாறியது, 2021-இல் பானாசோனிக் கைக்குப் போனது.

10. குழுவில் ஐ.டி. ஆள் இருப்பார், நிதி ஆள் இருப்பார், ஆலோசகர் இருப்பார். காலை எட்டு மணிக்கு டிப்போவைத் திறந்து, “இன்றைக்கு எந்த லாரிக்கு எது” என்று முடிவெடுக்கும் பெண்ணோ ஆணோ பெரும்பாலும் இருக்க மாட்டார். அவரை அழைத்து உட்கார வையுங்கள். திரையை அவர் கையில் கொடுத்து, போன தீபாவளி வாரத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். “இந்த எண்ணை நம்பி லாரி ஏற்றுவீர்களா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்று அவர் சொன்னால், காரணத்தை முழுதும் கேட்டு முடிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.