ஹெட்போனில் சத்தம் போதவில்லையா?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டியும் பாட்டு கேட்கவில்லையா? இவற்றைச் செய்து பாருங்கள்.

● செட்டிங்ஸில் ஒலி வரம்பு போட்டிருந்தால் தளர்த்துங்கள். ஐபோனில் ‘ஹெட்போன் சேஃப்டி’, சாம்சங்கில் ‘மீடியா வால்யூம் லிமிட்’ என்று இருக்கும்.

● இயர்போன் வலையில் அடைந்த குறும்பியை உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள்.

● போனுக்குள் இருக்கும் அம்ப்ளிஃபயர் சிறியது. 16 முதல் 32 ஓம் வரையான ஹெட்போன் அதற்குத் தோது. 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனுக்குத் தனி அம்ப்ளிஃபயர் வேண்டும்.

● காதுக்கு அளவான ரப்பர் முனை போடுங்கள். பஸ் இரைச்சல் குறைந்தாலே பாட்டு தெளியும்.

கவனம்: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணிநேரம்தான்.